நாற்பது வயது பொம்மைக்கு ஒரு சட்டப்புத்தகம்

மேசைமேல் இரண்டு ஹார்னெட் ரிமோட் கார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் டாமியா நிறுவனம் செய்தவை. அதே அளவு, அதே ஸ்டிக்கர், பின்னால் அதே குண்டுச் சக்கரம். ஒன்று 1984-இல் வாங்கியது. உரிமையாளர் பள்ளி முடித்ததும் பரணுக்குப் போய், முப்பது வருடம் கழித்துக் கீழே இறங்கியது. மற்றது 2004-இல் டாமியா மறுபடி வெளியிட்ட பெட்டியிலிருந்து வந்தது. பந்தய அறிவிப்பில் '1990-க்கு முந்தைய கார்கள் மட்டும்' என்று ஒரே ஒரு வரி. எந்தக் காரை ஓடவிடுவீர்கள்?

எழுத்துப்படி பார்த்தால் முதல் கார்தான். ஆனால் அந்தக் காரை முழு வேகத்தில் சுவரில் மோதவிட்டு அழவைப்பதற்கா பந்தயம் நடத்துகிறோம்? இந்த ஒரு கேள்விக்குள்ளேயே பழைய ரிமோட் கார் பந்தயத்தின் சிக்கல் முழுக்க அடங்கியிருக்கிறது. மற்றப் பந்தயங்களில் விதி, ஓட்டுநர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பாற்றினால் போதும். இங்கே பந்தயத்திடமிருந்தே காரைக் காப்பாற்றியாக வேண்டும். இதை மறந்துவிட்டு எழுதிய விதிகள், தாளில் எவ்வளவு அழகாக இருந்தாலும், இரண்டாவது சுற்றிலேயே பல்லிளித்துவிடும்.

கொஞ்சம் வரலாறு. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தைச் சேர்ந்த டாமியா, 1976-இல் போர்ஷே 934 காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்து தன் முதல் ரிமோட் காராக விற்றது. 1979-இல் சாண்ட் ஸ்கார்ச்சரும் ரஃப் ரைடரும் வந்தபோது கார்கள் சாலையை விட்டு மண்ணில் இறங்கின. அதன்பின் வரிசை கட்டி வந்தன: 1983-இல் ஃப்ராக், 1984-இல் கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும், 1985-இல் நான்கு சக்கரமும் இழுக்கும் ஹாட்ஷாட். ஜப்பானின் இன்னொரு நிறுவனமான கியோஷோ 1982-இல் ஸ்கார்ப்பியனையும் 1985-இல் ஆப்டிமாவையும் கொண்டுவந்தது. இந்த வகைக் கார்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழில் எழுதினால் பக்கி என்றாகிவிடும். நம்மூரில் அது வசவு. ஆகவே மண் கார் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இவை எல்லாம் கடையில் பெட்டியாக வாங்கி, சாப்பாட்டு மேசையில் வைத்து, அப்பாவும் பிள்ளையுமாகத் திருகி முடித்த பொம்மைகள். 1984-இல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்சி10 காரை இறக்கியதும் கதை மாறியது. பொன்னிறம் ஏற்றிய அலுமினியத் தொட்டி அடித்தளம், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள எண்ணெய் நிரப்பிய அலுமினிய டாம்பர்கள், சக்கரங்களைத் தாங்க வெள்ளை நைலான் கைகள் என்று, கடையில் விற்கும் பந்தயக் கருவியாகவே அது வந்தது. அடுத்த வருடம் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதல் மண் கார் உலகப் போட்டியில் ஜே ஹால்ஸி அதில் ஓட்டி, இரு சக்கர இயக்கப் பிரிவை வென்றார். 1987-இல் இங்கிலாந்தின் ராம்ஸியில் நடந்த போட்டியில் ஜோயல் ஜான்சன் கியோஷோ அல்டிமாவில் வென்றார். நான்கு சக்கரப் பிரிவை ஜப்பானின் மசாமி ஹிரோசாகா, ஷூமாக்கர் கேட் என்ற பிரிட்டிஷ் காரில் வென்றார். 1989-இல் சிட்னியில் இரண்டு பிரிவும் ஹிரோசாகாவுக்கே.

அதாவது 1984-க்கும் 1989-க்கும் இடையில் ஐந்தே வருடத்தில் பொம்மை, பந்தயக் கார் ஆகிவிட்டது. இன்றைய விதிமுறைத் தகராறுகளில் பாதி இந்த ஐந்து வருடத்துக்குள்தான் நடக்கின்றன. ஹார்னெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். மோட்டார், கியர்பெட்டி, அச்சு மூன்றும் ஒரே கட்டையாகச் சேர்ந்து மேலும் கீழும் ஆடும். ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினால் மறுபக்கமும் சேர்ந்து துள்ளும். மேடுபள்ளத்தில் அது ஓடுவதைவிடக் குதிப்பது அதிகம். பக்கத்தில் ஆர்சி10-ஐ விட்டால் நான்கு சக்கரமும் தனித்தனியாக மண்ணைத் தடவிக்கொண்டு போகும். இரண்டும் ஒரே வருடத்துக் கார்கள்! '1985-க்கு முன்' என்று கோடு போட்டால் இரண்டும் ஒரே பந்தயத்தில் நிற்கும். ஹார்னெட் வைத்திருப்பவர் அடுத்த மாதம் வரமாட்டார்.

எனவே வருடத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது சோம்பேறித்தனம். நம்மூர் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று பிரிக்கிறார்களே, அங்கே மாடு எந்த வருடம் பிறந்தது என்று சான்றிதழா கேட்கிறார்கள்? மாட்டைப் பார்த்துத்தான் பிரிவு. இங்கும் காரின் உடற்கூற்றைப் பார்த்துப் பிரித்தால்தான் பொருந்தும். பின் அச்சு ஒரே கட்டையாக ஆடும் கார்களும், டாம்பர் என்று பெயருக்கு ஒரு ஸ்பிரிங் மட்டும் உள்ள கார்களும் ஒரு பிரிவு. நான்கு சக்கரமும் தனித்தனியாக ஆடும் இரு சக்கர இயக்கக் கார்கள் இன்னொன்று. நான்கு சக்கர இயக்கம் தனி. அதற்குள்ளும் ஹாட்ஷாட் போல முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று ஒற்றை டாம்பரோடு வந்தவற்றை, பெல்ட்டில் ஓடும் ஷூமாக்கர் கேட்டோடு சேர்க்காமல் இருந்தால் நல்லது. கார்கள் போதுமான அளவு வந்தால்தான் அப்படிப் பிரிக்க முடியும் என்பது வேறு விஷயம். ஏழு கார்கள் மட்டுமே வரும் இடத்தில் நான்கு பிரிவு வைத்தால் எல்லோருக்கும் கோப்பை கொடுத்து அனுப்ப வேண்டியதுதான்.

நடைமுறையில் மிகக் குறைவாகச் சண்டை வருவது பெயர்ப் பட்டியல் முறையில். 'இந்தப் பிரிவில் இந்தக் கார்கள்' என்று பெயர் சொல்லி எழுதிவிடுவது. பட்டியலில் இல்லாத கார் வந்தால் முன்கூட்டியே கேட்க வேண்டும். வளவளவென்று இருக்கும், ஆனால் பந்தய நாள் காலையில் யாரும் யாருக்கும் இலக்கணம் சொல்லித்தர வேண்டியிராது. ஒரு மாடலிலேயே பல பதிப்பு வந்திருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். ஆர்சி10 பத்து வருடத்துக்கு மேல் உருமாறிக்கொண்டே இருந்த கார். ஆரம்பத்தில் ஆறு பல்சக்கரக் கியர்பெட்டி, 1990-ஐ ஒட்டி ஸ்டெல்த் என்ற புதுக் கியர்பெட்டி. 'ஆர்சி10 அனுமதி' என்று மொட்டையாக எழுதினால், அலுமினியத் தொட்டியை மட்டும் பழசாக வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் தொண்ணூறுகளில் இருந்து எடுத்து மாட்டிய கார் ஒன்று கட்டாயம் வரும். தவறு அதைக் கொண்டுவந்தவர்மேல் இல்லை, எழுதியவர்மேல்தான்.

இனி மறுவெளியீடு. டாமியா 2004-இல் ஹார்னெட், 2005-இல் ஃப்ராக், 2007-இல் ஹாட்ஷாட், 2010-இல் சாண்ட் ஸ்கார்ச்சர், 2011-இல் அவான்டே என்று பழைய கார்களை ஒவ்வொன்றாக மறுபடி விற்கத் தொடங்கியது. அசோசியேட்டட் 2013-இல் ஆர்சி10-ஐயும், கியோஷோ 2014-இல் ஸ்கார்ப்பியனையும் 2016-இல் ஆப்டிமாவையும் கொண்டுவந்தன. சேகரிப்பாளர்களில் ஒரு கூட்டம் இதைக் கேட்டு முகம் சுளித்தது. அலமாரியில் பொத்திவைத்த பெட்டியின் விலை இறங்கிவிடுமே என்ற கவலை. பந்தயம் நடத்துபவர்களுக்கோ இது மழை. உடைந்தால் பாகம் கிடைக்கிறது, இளையவர் ஒருவர் கடையில் வாங்கிக்கொண்டு நேரே பந்தயத்துக்கு வரலாம்.

மறுவெளியீட்டைத் தடை செய்யும் கழகங்களும் உண்டு. அவர்கள் வாதம் முழுக்கப் பொய்யில்லை. புதிய அச்சில் வந்த கார்களில் பழைய பலவீனங்கள் சிலவற்றைச் சரிசெய்திருக்கிறார்கள். சில இடத்தில் பிளாஸ்டிக்கின் தன்மையே வேறு. அந்தக் காலத்துக் கார் வைத்திருப்பவருக்கு அது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு மருந்து தடை இல்லை. மறுவெளியீட்டின் பாகத்தைப் பழைய காரிலும் மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். உறுதியான பாகத்தால் யாரும் வேகமாகப் போய்விடுவதில்லை. வீட்டுக்கு முழுசாகப் போகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் விதிப்புத்தகத்தின் பெரும்பகுதி தானாக எழுதிக்கொள்ளும். காரை வேகமாக்கும் பாகம் எது, காரை உயிரோடு வைக்கும் பாகம் எது? மோட்டார், டயர், டாம்பர், அடித்தளத்தின் நீள அகலம், மோட்டார் இருக்கும் இடம் ஆகியவை முதல் வகை. இவற்றில் கறாராக இருக்க வேண்டும். பேரிங், திருகு, பல்சக்கரம், கைகள், பம்பர், ரேடியோ, சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டாரான ஸ்டீயரிங் சர்வோ இரண்டாம் வகை. இவற்றில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். முப்பரிமாண அச்சில் எடுத்த பாகமும் இங்கேதான் வரும். தொழிற்சாலை கைவிட்ட காருக்கு யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து முன் கையை அளந்து, அச்சிட்டுக் கொடுக்கிறார் என்றால் அவருக்கு மாலை போட வேண்டும். மூல பாகத்தின் அளவும் துளைகளின் இடமும் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கையை அரை சென்டிமீட்டர் நீட்டிவிட்டால் அது புதிய கார், பழைய வேஷம்.

பழைய நைலானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள். பல வருடம் காய்ந்து கிடந்த ஆர்சி10 கையை விரலால் வளைத்தால் சுள்ளி மாதிரி முறியும். அதையே வெந்நீரில் கொஞ்ச நேரம் கிடத்தி எடுத்து மறுநாள் வளைத்தால் வளைந்து கொடுக்கும். அந்தக் காலத்திலேயே இதை எல்லோரும் செய்தார்கள். பாத்திரம் சூடாகத்தானே இருக்கிறது என்று துணிச் சாயத்தையும் அதில் கரைத்து, வெள்ளைக் கைகளைக் கறுப்பாகவும் நீலமாகவும் எடுத்தார்கள். இன்றும் சாயம் போட்ட கையைப் பார்த்தால், இந்த ஆள் அப்போதே ஓட்டியவர் என்று தெரிந்துவிடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு இந்த வைத்தியம் பலிக்காது. கிராஸ்ஹாப்பருக்கும் ஹார்னெட்டுக்கும் ஒரே மாதிரி ஏபிஎஸ் தொட்டிதான். அது வருடம் போகப்போகத் திருகு இறங்கும் இடத்தில் முடி போல ஒரு கீறல் விடும். தொழில்நுட்பச் சோதனையில் உட்காருபவர் அகலத்தை அளப்பதற்கு முன் அந்தக் கீறலைத் தேட வேண்டும். கண்டால் உரிமையாளரிடம் காட்டி, "ஓட்டத்தான் போகிறீர்களா?" என்று கேட்பதும் அவர் வேலையில் சேர்த்திதான்.

சரி, மோட்டார். பழைய கார் பந்தயங்களைக் கெடுத்ததும் இதுதான், காப்பாற்றப் போவதும் இதுதான். பெட்டியோடு வரும் 540 அளவு மோட்டாருக்கு அதன் வெள்ளித் தகர உறையால் சில்வர் கேன் என்று பெயர். 7.2 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 15,000 சுற்று. கிராஸ்ஹாப்பருக்கு அதைவிடச் சின்ன 380 மோட்டார். அக்காலக் கார்களின் பல்சக்கரங்களும் அச்சுகளும் இந்த அளவு பலத்தை நினைத்துச் செய்தவை. அதற்குமேல் ஒரு படி, அமெரிக்கக் கழகங்களில் ஸ்டாக் என்று அழைத்த மோட்டார்: ஆர்மேச்சர் என்ற சுழலும் பகுதியில் 27 சுற்றுக் கம்பி, மாற்ற முடியாத 24 டிகிரி டைமிங், அதாவது உரசி மின்சாரம் தரும் பிரஷ் என்ற கரித்துண்டு நிற்கும் கோணம். கம்பிச் சுற்று குறையக் குறைய மின்சாரம் அதிகம் பாயும், வேகம் கூடும், சூடும் கூடும். எண்பதுகளின் இறுதியில் கையால் கம்பி சுற்றிய மோட்டார்களும், ஒவ்வொரு செல்லையும் அளந்து ஜோடி சேர்த்த பேட்டரிகளுமாக, பணம் உள்ளவர் பக்கம் பந்தயம் சாய்ந்தது அப்படித்தான்.

இன்று பிரஷ் இல்லாத மோட்டார்கள் மலிவு. எந்தக் கடையிலும் கிடைக்கும். 17.5 சுற்று மோட்டாரை அந்தப் பழைய 27-க்கு ஈடாகப் பல கழகங்கள் ஏற்றுக்கொண்டன. ஆனால் அதே பிரஷ் இல்லாத வகையில் சுற்று குறைந்த மோட்டார் ஒன்றை ஃப்ராக் காரில் வைத்துப் பாருங்கள். பழைய ஃப்ராக்கின் பின் அச்சு முனை ஆறு முகமாக இருக்கும். கியர்பெட்டியின் கிண்ணத்துக்குள் அது போய் உட்காரும். தேய்ந்துபோகும் இடம் அதுதான் என்று அக்காலத்திலேயே பெயர் வாங்கியது. பலமான மோட்டார் வைத்தால் ஒரே பந்தயத்தில் அந்த ஆறு முகமும் உருண்டையாகிவிடும். மோட்டார் சுற்றும், கார் நிற்கும்.

எனவே என் கட்சி, எல்லாப் பிரிவுக்கும் சில்வர் கேன்தான். உலகப் போட்டி ஓட்டிய ஆர்சி10 வைத்திருப்பவருக்குக் கை அரிக்கும். அரிக்கட்டும். அவருக்கு வேண்டுமானால் 27 சுற்று ஸ்டாக்கோ, 21.5 சுற்று பிரஷ் இல்லாத மோட்டாரோ தரலாம், அதற்குமேல் இல்லை. மோட்டாரைக் கழகமே மொத்தமாக வாங்கி, காலையில் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுக்கச் சொல்வது இன்னும் நல்லது. விலை அதிகமில்லை, மாலையில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். ஆளாளுக்குக் கொண்டுவர விட்டால் தண்ணீரில் ஓடவிட்டு பிரஷ்ஷைப் பதப்படுத்திய மோட்டார், பத்து வாங்கி அதில் வேகமான ஒன்றைப் பொறுக்கிய மோட்டார் என்று பட்டியல் நீளும். இவற்றில் எதையும் சோதனை மேசையில் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடியாத குற்றத்துக்குத் தடை எழுதினால் நேர்மையானவருக்கு மட்டும்தான் தண்டனை.

பேட்டரியில்தான் பழமைப் பற்று உண்மையிலேயே ஆபத்தாகும். அந்தக் காலத்துப் பொதி ஆறு நிக்கல் காட்மியம் செல், செல்லுக்கு 1.2 வோல்ட், மொத்தம் 7.2. கொள்ளளவு 1,200 மில்லி ஆம்பியர் மணி. ஐந்து நிமிடப் பந்தயத்தை அதில் முடிக்க வேண்டுமென்றால் சராசரியாக 14.4 ஆம்பியருக்குமேல் இழுக்கக் கூடாது, கணக்கு அவ்வளவுதான். மோட்டார் முனையில் பினியன் என்ற பல்சக்கரத்தைப் பெரிதாகப் போட்டால் நான்காவது நிமிடத்தில் கார் முனகத் தொடங்கும், மெதுவாக ஓட்டியவர் கடைசிச் சுற்றில் கடந்து போவார். அன்றைய பந்தயம் பாதி வேகம், பாதி சிக்கனம். இன்றைய 5,000 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் பாலிமர் பேட்டரி, அதே இழுப்பில் இருபது நிமிடம் ஓடும். அந்தச் சிக்கனக் கலை போயே போய்விட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவரப் பேட்டரி கொள்ளளவுக்கு வரம்பு வைக்கலாமா என்று ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்மியத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் வருட உத்தரவிலேயே கட்டுப்படுத்திவிட்டது. விஷ உலோகத்தைத் தேடிப்பிடித்து வாங்கச் சொல்லி விதி எழுதுவது சரியில்லை.

ஆபத்து என்றது வேறு. பழைய கார்களில் வேகக் கட்டுப்பாடு மின்னணுச் சாதனமில்லை, இயந்திரம். ஒரு சர்வோ, அதன் கையில் ஒரு செப்புத் துடைப்பான். அது வட்டத்தகட்டில் பதித்த முனைகள்மேல் வழுக்கிப் போகும். முதல் படியிலும் இரண்டாம் படியிலும் மின்சாரம் ஒரு பீங்கான் மின்தடை வழியாகப் போகும். கடைசிப் படியில் நேராக மோட்டாருக்கு. மெதுவாக ஓட்டினால் மிச்ச சக்தியெல்லாம் அந்த மின்தடையில் வெப்பமாகும். கைதவறித் தொட்டவர் மறக்கமாட்டார். காரைத் திருப்பிப் பார்த்தால் செப்பில் கறுப்புத் தீற்றல், பக்கத்துப் பிளாஸ்டிக்கில் உருகிய தடம். இந்தச் சாதனத்துக்கு பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியாது; நிக்கல் பேட்டரிக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. லித்தியம் பாலிமரோ ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும். அப்புறம் அதை சார்ஜரில் போடும்போது வீங்கலாம், தீப்பிடிக்கவும் செய்யலாம்.

ஆகவே இங்கே தயவு தாட்சண்யம் கூடாது. இயந்திர வேகக் கட்டுப்பாடு வைத்திருந்தால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி மட்டும். லித்தியம் வேண்டுமென்றால், மின்னழுத்தம் இறங்கினால் தானே நிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு கட்டாயம். சார்ஜ் செய்வது தீத்தாங்கும் பைக்குள், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். அழகுக்காக அந்தப் பழைய மின்தடையை மின்சாரம் இணைக்காமல் காரின் பின்னால் மாட்டிவைத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, பார்க்க நன்றாகவே இருக்கிறது.

டயருக்கு ஒரு பத்தி போதும். முப்பது வருட ரப்பர் கல்லாகிப்போயிருக்கும். அதை மாட்டி ஓடச் சொல்வது சோப்புத் தரையில் ஓடச் சொல்வது. அதற்காக இன்றைய பசை ரப்பரையும் இன்றைய மண் கார்கள் பெரும்பாலும் போடும் 2.2 அங்குலச் சக்கரத்தையும் அனுமதித்தால் கார் ஒட்டிக்கொண்டு திரும்பும், மூலையில் உருளும், கியர்பெட்டி பல்லைக் கடிக்கும். பிடிப்பு குறைவாக இருக்கும்போது சக்கரம் வழுக்கிக் கொடுப்பதால்தான் பழைய பல்சக்கரங்கள் பிழைக்கின்றன. காரோடு வந்த அளவுச் சக்கரம், மறுவெளியீட்டில் விற்கும் முள் டயர், எல்லோருக்கும் அதுவே என்று முடித்துவிடலாம். டாம்பரில் எண்ணெயும் ஸ்பிரிங்கும் அவரவர் விருப்பம். இன்றைய தடித்த உருளை டாம்பருக்கு இடமில்லை.

ரேடியோவில் கறாராக இருப்பவர்களை எனக்குப் புரிவதில்லை. 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அமெரிக்காவில் இருந்தது ஆறு இடம்; பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். உங்கள் நிறத்துக்கான துணிக் கிளிப் பலகையில் இருந்தால்தான் ரிமோட்டை இயக்கலாம். மறந்துபோய் யாராவது கிளிப் எடுக்காமல் ஸ்விட்சைத் தட்டினால், தடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொருவர் கார் முழு வேகத்தில் பார்வையாளர் காலுக்குள் புகும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இந்தத் தொல்லையை ஒழித்துவிட்டது. அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பழைய காருக்கு நீண்ட ஆன்டெனாக் குழாய் இல்லாவிட்டால் மொட்டையாகத் தெரிகிறது என்றால், வெறும் குழாயை மட்டும் நட்டுவைக்கட்டும்.

காரைவிடத் தடம்தான் முக்கியம் என்று நடத்திப் பார்த்தவர்கள் சொல்வார்கள். இன்றைய மண் கார்த் தடங்களில் பல செயற்கைப் புல்லோ கம்பளமோ போட்டவை. மூன்று மேட்டைச் சேர்த்துத் தாண்டும் குதிப்புகளோடு இருக்கும். நடுவில் மோட்டார் வைத்த இன்றைய கார் அதில் பறந்து பூனை போல இறங்கும். 1984-இன் கார் மூக்கால் இறங்கும். பழைய கார்களுக்கு வேண்டியது அகலமான, தட்டையான, கொஞ்சம் தூசியான மண் அல்லது வெட்டிய புல். குதிப்பு என்றால் ஒரு சாய்வு மேடு, கணுக்கால் உயரத்துக்குமேல் வேண்டாம். தடத்தின் ஓரத்தில் மரச்சட்டமோ செங்கல்லோ இருந்தால் எடுத்துவிட்டுத் தோட்டக் குழாயைப் படுக்கவிடுங்கள். மோதினால் கார் அதன்மேல் ஏறிப் போகும், கை முறியாது. இந்த ஒரு மாற்றம் மிச்சப்படுத்தும் பாகங்களை எந்த விதியாலும் மிச்சப்படுத்த முடியாது.

பந்தய நாளை எப்படி நடத்துவது? நாற்பது கார்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்துக்கு எட்டு என்றால் ஐந்து ஓட்டம். ஐந்து நிமிடப் பந்தயம், கார்களை எடுத்து அடுத்ததை வைக்க மூன்று நிமிடம். ஆக ஒரு முழுச் சுற்றுக்கு நாற்பது நிமிடம். நான்கு சுற்றுக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம், இறுதி ஓட்டங்களுக்கு இன்னொரு நாற்பது. மதியச் சாப்பாட்டையும், கட்டாயம் வரும் தாமதத்தையும் சேர்த்தாலும் இருட்டுமுன் வீட்டுக்குப் போகலாம். தோற்றவரை வெளியேற்றும் முறை இங்கே கூடாது. காலை பத்து மணிக்குத் தோற்றவர் நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்திருப்பார். எல்லோரும் எல்லாச் சுற்றும் ஓட வேண்டும். இடங்களைக் கூட்டி, கடைசியில் ஏ, பி, சி என்று இறுதி ஓட்டங்களாகப் பிரித்தால் சி ஓட்டத்தில்கூட ஒருவர் ஜெயிப்பார்.

ஓட்டம் முடிந்தவர்கள் அடுத்த ஓட்டத்துக்குத் தடத்தின் மூலைகளில் நின்று, கவிழ்ந்த காரை நிமிர்த்த வேண்டும். இது எல்லாக் கார் பந்தயத்திலும் உள்ள வழக்கம்தான். பழைய கார்களில் மட்டும் ஒரு கூடுதல் பாடம்: காரை உடலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடித்தளத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். முப்பது வருட பாலிகார்பனேட் உடல் நடுவில் கிழியும். அதில் அவர் சின்ன வயதில் பூசிய பெயின்ட் இருக்கும். காலைக் கூட்டத்தில் ஒருவரைக் கூப்பிட்டு எப்படித் தூக்குவது என்று செய்து காட்டச் சொன்னால் போதும்.

மோதலுக்குத் தண்டனை உண்டா? உண்டு, எளிதாக. பின்னால் வந்து இடித்து இடம் பிடித்தால், இடிபட்டவர் மறுபடி முன்னே போகும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காதவருக்கு அந்த ஓட்டத்தில் கடைசி இடம். புகார் மனு, மேல்முறையீடு எல்லாம் உலகப் போட்டிக்காரர்கள் வைத்துக்கொள்ளட்டும். தொடக்கத்திலும் எட்டுக் காரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் அடித்தால் முதல் மூலையில் குவியல்தான். ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு அனுப்பி, கடிகாரத்தோடு ஓடவிடலாம். தகுதிச் சுற்றுகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். இறுதி ஓட்டத்தில் மட்டும் எல்லோரையும் சேர்ந்து நிற்கவிட்டால் அந்த வயதான கார்களுக்கும் ஒரே ஒரு ஆட்டம் போட்ட மாதிரி ஆகும்.

ஓட்டவே மனசு வராத கார்களும் வரும். பெட்டி பிரித்த நாளிலிருந்து மண் படாத அவான்டே, ஒரு கீறல் விழாத சாண்ட் ஸ்கார்ச்சர். அவற்றுக்கு ஒரு மேசையும் வெள்ளைத் துணியும் போட்டு, சிறந்த காருக்கு ஒரு பரிசு வைத்துவிட்டால் சேகரிப்பாளரும் பந்தயக்காரரும் ஒரே கூரைக்கீழ் இருப்பார்கள். ஒரே நிபந்தனை, அந்தக் கார் ஒரு சுற்றாவது மெதுவாகத் தடத்தில் ஓடிக் காட்ட வேண்டும் என்று சில இடங்களில் கேட்கிறார்கள். பரிசு எந்தக் காருக்கு என்பதை நடுவர்களிடம் விடாமல் வந்திருக்கும் குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆளுருவம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் காருக்குத்தான் விழும். ஆளில்லாத காக்பிட்டோடு பந்தயத்துக்கு வரக் கூடாது என்று விதியே எழுதலாம். வேகத்துக்கு ஒரு பைசா பிரயோசனமில்லாத இந்த விதிக்கு இதுவரை யாரும் எதிர்ப்புச் சொல்லி நான் கேட்டதில்லை.

எவ்வளவு எழுதினாலும் ஒரு ஓட்டை இருக்கும். கடைசியாக ஒரு வரி: 'சந்தேகம் வந்தால் நடத்துபவர் சொல்வதே முடிவு, பருவத்தின் நடுவில் விதி மாறாது.' இரண்டாவது பாதிதான் முக்கியம். ஒரு கார் அளவுக்குமேல் ஜெயிக்கிறது என்பதற்காக நடுவில் விதியை மாற்றினால், அந்த ஆள் அடுத்த வருடமும் வரமாட்டார், அவருடைய நண்பர்கள் மூன்று பேரும் வரமாட்டார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கட்டும், அடுத்த பருவத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். இதற்கிடையே சோதனை மேசையில் 250 மில்லிமீட்டர் அகலப் பெட்டி ஒன்றும், ஒரு தராசும், ஒரு டார்ச் விளக்கும் போதும்.

அந்த இரண்டு ஹார்னெட்டையும் இன்னும் மேசையிலேயே விட்டுவிட்டோம். இரண்டும் ஓடலாம், ஒரே பிரிவில், பையிலிருந்து எடுத்த மோட்டாரோடு. 1984 காரைத் திருப்பி, டார்ச் அடித்து, முன்பக்கத் திருகுத் துளையைப் பாருங்கள். கீறல் இல்லை என்றால் உரிமையாளரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அந்த முன் பம்பரைக் கழற்றிப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பக்கத்துக் காரின் உதிரியில் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு வரட்டும். முதல் ஓட்டம் பத்து நிமிடத்தில்.